அப்பா எனக்காகத் தள்ளிப்போட்டது

மெல்பர்னில் குடியேறிவிட்ட நான், மூன்று வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு மலேசியாவுக்கு, கிள்ளானில் தனியாக இருக்கும் அப்பாவிடம் போனேன். அந்த வெக்கையிலும் அவர் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. பிரிக்பீல்ட்ஸ், செராஸ் என்று தினமும் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சுற்றினோம்.

ஐந்தாம் நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. "சும்மா சளிதான் லா" என்றார். நானும் நம்பி, பெரிய டம்ளர் நிறைய இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். பலகாரம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்டி அவரைப் பார்த்ததும் பதறினார்.

"என்னண்ணே, இந்த வாரம் டயாலிசிஸ் போகலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆன்டியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டயாலிசிஸ் விட்டுப்போனதால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். நர்ஸ் சட்டைக்கையை மடித்தபோதுதான் ஊசித் தழும்புகளைப் பார்த்தேன். ஒரு வருடமாக வாரம் மூன்று முறை போகிறாராம்.

உடம்பு தேறியதும், "ஏம்பா சொல்லல?" என்று அழுதேன்.

"நீ வந்ததே பத்து நாளு. அதுல மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கணுமா?" என்றார்.

இப்போது ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வீடெல்லாம் அப்புறம்தான். டயாலிசிஸ் நாளில் நானே அவரைக் கூட்டிப்போய், நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் மனம்விட்டுப் பேசுவது அங்கேதான்.