பூட்டைத் திறக்க மறுத்த பெண்

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நான் பக்கத்தில் போனாலே போனைக் கவிழ்த்துவிடுவாள். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் பள்ளிக்குப் போனதும் அந்த போனைத் தூக்கிக்கொண்டு தேரடித் தெரு செல்போன் கடைக்குப் போனேன்.

"என் போன்தாம்மா, லாக் மறந்துட்டேன்" என்று கடைக்காரப் பெண்ணிடம் பொய் சொன்னேன். திரையில் என் மகள் பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரப் பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, போனை என்னிடமே நீட்டினார். "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க சார். அவங்க முன்னாடி என்ன வேணாலும் செஞ்சு தரேன்" என்றார். குரலில் துளியும் கேலி இல்லை.

மாலையில் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அழுதாள், கத்தினாள். மறுநாள் அவளே என்னைக் கடைக்கு இழுத்துப்போனாள்.

"என் மெசேஜை யாரும் படிக்கக் கூடாதுக்கா. நான் எங்க இருக்கேன்னு அப்பாவுக்குத் தெரியட்டும். அவர் எங்க இருக்காருன்னு எனக்கும் தெரியணும்."

அந்தப் பெண் இரண்டு போன்களிலும் அவள் கேட்டபடியே அமைத்துக் கொடுத்தார்.

போன பௌர்ணமிக்குத் தனியாகக் கிரிவலம் போனவன், பாதி வழியில், அடி அண்ணாமலையில், நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மகள் போனில் கூப்பிட்டாள்.

"ரொம்ப நேரமா ஒரே இடத்துலயே இருக்கீங்களேப்பா, முட்டி வலிக்குதா?"

ஆறு மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைத்த வலி அது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கேள்வி போதுமாயிருந்தது.