ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள்

கை நடுங்கும் கிழவர் டோனினோவுக்குக் காபி வாங்கும்போது, பால் ஊற்றும் பெரிய கோப்பையில்தான் கொடுக்கச் சொல்வார் இவானோ. சின்னக் கோப்பையென்றால் கிழவர் சட்டையில் சிந்திக்கொள்வார். தனக்கும் அதே பெரிய கோப்பை. அடியில் ஒரு மடக்குக் காபி. மோதெனா நகரின் அந்தக் காபிக்கடையில் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மாதா கோவிலில் பூ மாற்றிவிட்டு வரும் ஆர்ஜியா அம்மாள் அதைக் கவனித்தார். தன் மனக்குறையை இந்த மனுஷனிடம் சொல்லலாம் என்று அன்றைக்கே அவருக்குப் பட்டது.

பழைய பந்தயக் கார்களின் பூர்வீகம் தேடுவதுதான் இவானோவின் பிழைப்பு. யார் செய்தது, யார் ஓட்டியது, எங்கே இடித்தது, எவன் தட்டி நிமிர்த்தினான் என்று தேடிக்கொண்டே போவார். வண்டிக்கு அருகில் வந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு மல்லாந்து உள்ளே நுழைந்து, கண்ணை மூடிக்கொண்டு தகரத்தையும், அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் வண்டி எண்ணையும் தடவுவார். ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்காரவே மாட்டார். "அது அவங்க இடம்" என்பார்.

"இவனுக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்? பொண்ணு பாக்கப் போனா, குனிஞ்சு கால்ல நம்பர் அடிச்சிருக்கான்னு தேடுவான்!" என்பான் கடைக்காரன் லோரிஸ்.

"ரெண்டு நம்பர் இருந்தா என்ன பண்றதுடா? அதான் போகல" என்பார் இவானோ.

ஆர்ஜியாவின் கொட்டகையில் ஒரு சிவப்பு வண்டி. நுரையீரல் நோயில் போய்விட்ட கணவர் ப்ரீமோ ஓட்டியது என்று, அதைச் செய்து, பிறகு மூடிப்போன ஒரு சின்னப் பட்டறையின் முதலாளியே எண்ணைப் பார்த்துக் கொடுத்தது. நாற்பது வருஷமாக, வண்டியோட்டிகளுக்குக் காவலான புனித பிரான்செஸ்கா திருநாளில் அதைத் தள்ளிக்கொண்டு போய், பங்குச்சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்குவார். இப்போது துரின் நகரிலிருந்து ஒருவர், அதே எண் தன் வண்டியிலும் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கணவரென்று நினைத்துத் தொட்டு அழுததெல்லாம் வேறு வண்டியையா? ஆர்ஜியா இவானோவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இவானோ வந்தார், தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அக்கா, அவரு கால் எப்படி?"

"இடது கால் கொஞ்சம் குட்டை. சின்ன வயசுல வந்த காய்ச்சல். பெடல்ல மரக்கட்டை வெச்சுத் திருகாணியால முடுக்கித்தான் ஓட்டுவாரு."

இவானோ குனிந்து பெடலைப் பார்த்தார். திருகாணித் துளை எதுவும் இல்லை. "துரினுக்கு ஒரு நடை போயிட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

துரின் வண்டியின் பெடலில் இரண்டு துளைகள், ஈயம் வைத்து அடைத்தபடி இருந்தன. இரண்டிலும் ஒரே எண் வந்த காரணத்தை டோனினோ சொன்னார். அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். "வெளிநாட்டுப் பந்தயத்துக்கு எல்லை தாண்ட ஒரு வண்டிக்குத்தான் காகிதம் இருந்துச்சு. ரெண்டுலயும் ஒரே நம்பர அடிச்சோம். ஒண்ணு போகும், ஒண்ணு வீட்ல இருக்கும். அப்புறம் எது எதுன்னு முதலாளிக்கே மறந்துபோச்சு."

லோரிஸ் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அந்த அம்மாகிட்ட ஆமான்னு சொல்லிடேன். உனக்கு என்ன கொறஞ்சிடும்?"

"மேல போனதும், என் வண்டி எங்கடான்னு ப்ரீமோ கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவே?"

சென்ற வாரம் ஆர்ஜியாவின் சமையலறையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இவானோ எல்லாவற்றையும் சொன்னார்.

"துரின்காரர் உங்கள வரச்சொல்லியிருக்காரு, அக்கா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காந்திருக்கலாமாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"போவோம். ஆனா இத்தனை வருஷமா நான் யாரோட வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்க வெச்சேன் இவானோ?"

"அனாதை இல்லத்துல வளந்த பையனாம். மலைப் பந்தயத்துல வண்டி அவன வெளிய தூக்கி எறிஞ்சிடுச்சு. வண்டிக்கு ஒரு விளக்குதான் உடைஞ்சது. அடக்கத்துக்குப் பட்டறை ஆளுங்கதான் வந்தாங்களாம்."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அவன் பேரு ஃபுல்வியோ. ஜெபத்துல சொல்றதுக்குப் பேரு தெரிஞ்சிருக்கணும்ல, அக்கா."