கல்லறைச் சரிவின் வெள்ளைப் பூக்கள்

மாட்டுச் சந்தை கூடிய நாளில்தான் லாந்து அம்பலவா ஊரை விட்டுப் போனாள். திமில் பெருத்த மாடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்க, அவள் ஏறிய வேன் அவற்றுக்கு வழிவிட்டு நின்று நின்று நகர்ந்தது. முதல் பிள்ளை தங்காமல் போனதால், இந்தப் பேறு மாமியார் வீட்டில், வடமேற்குக் கடலோரம் மஹஜங்காவில் என்று முடிவாகியிருந்தது. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. மடியில் அக்கா சஹோலி செய்து கொடுத்த காகித விளக்குக் கூடு. துணி சுற்றிய அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்திருந்தாள்.

“மதினி, இந்தக் கூட்டுக்குத் தனி சீட்டு கேக்குறா உங்க தங்கச்சி” என்றான் அவள் கணவன் ஹெரி.

“குடுத்துட்டு நீ கூரைல ஏறிக்க” என்றாள் சஹோலி.

ஹெரி சந்தைக்கு மாடு வாங்க வந்த இடத்தில் லாந்துவைக் கண்டு கட்டிக்கொண்டவன். என் அம்மாவின் ஆட்களும் ஒருகாலத்தில் இந்தப் பக்கம்தான் என்று பெண் கேட்ட அன்று சொன்னான். பெண் கேட்டு வருகிறவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான் என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சஹோலியின் புருஷன் நீலக்கல் தோண்டப் போய்த் திரும்பாதவன். போன புதிதில் அவள் ஒரு காகிதப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லாத் தாளிலும் நடுவில் காகிதப்பூ, நாலு மூலையிலும் பெரணி, இதே வேலைதான். அலுத்துப்போய், வீட்டு முற்றத்திலேயே தாள் வார்க்கும் சட்டம் போட்டுக்கொண்டாள். அவோஹா மரப்பட்டையை நாள் முழுக்க வேகவைத்து, மரச்சுத்தியால் அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் துணிச் சட்டத்தில் பரப்புவாள். ஈரம் இருக்கும்போதே பூவையும் இலையையும் அதில் படுக்கவைத்து, மேலே நீர்த்த கூழைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெயிலில் காயப்போடுவாள். எந்தப் பூ நிறம் காக்கும், எது கறுத்துப்போகும் என்பதெல்லாம் பல தாள்களைக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

தங்கைக்கான கூட்டைச் செய்த நாட்களில் குளிர் கடுமை. பூ கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே கிழக்கே நடந்தவள், பிளந்த பாறைக்குப் பின்னால் புதர் மண்டிய சரிவில் வெள்ளை நித்தியகல்யாணி பூத்துக் கிடப்பதைக் கண்டாள். ஊரில் எங்கும் இளஞ்சிவப்புதான். இதுவோ வெள்ளை, நடுவில் சிவப்புக் கண். தொப்பி நிறையப் பறித்து வந்தாள். காய்ந்ததும் இதழ்கள் கூழோடு கரைந்தாற்போல மங்கிவிட்டன. உள்ளே விளக்கை வைத்தால் மட்டும் சிவப்புக் கண்கள் ஒவ்வொன்றாக விழித்தன. அவளுக்கே பெருமையாக இருந்தது.

வேனை அனுப்பிவிட்டு வந்தபோது, தணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு பாக்கோலி முற்றத்தில் நின்றிருந்தாள். பாரக் கல்லைத் தூக்கி, அடியில் காய்ந்துகொண்டிருந்த மிச்சப் பூக்களைக் குனிந்து பார்த்தாள்.

“ஏண்டி, இது பிளந்த பாறைக்குப் பின்னாடி இருக்குறதுதானே?”

“ஆமா.”

“அங்க கல்லறை இருக்கு. தெரியாதா?”

“புதர்தான் இருந்துச்சு.”

“புதருக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கலையா?”

கல்லறையில் முளைத்ததை அந்தக் கல்லறைக்குரியவர்கள் மட்டுமே எடுக்கலாம். அந்நியர் எடுத்தால், அது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குக் கேடு. அது இப்போது லாந்துவின் மடியில், அந்த வயிற்றுக்கு நேர் எதிரே போய்க்கொண்டிருந்தது.

உரியவர்களிடம் போய்ச் சொன்னால், அவர்கள் கல்லறைக்குள் இருக்கும் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அது யாருடைய கல்லறை? சந்தையில் கேட்டாள், மாதா கோயிலில் கேட்டாள். எப்போதோ பிழைக்கப் போன குடும்பம் என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. லாந்துவிடம் சொல்லவும் முடியாது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், இதைக் கேட்டால் பயத்திலேயே பாதியாகிவிடுவாள். மிச்சப் பூக்களைக் கொண்டுபோய்ச் சரிவிலேயே வைத்தாள். வீட்டின் வடகிழக்கு மூலையில் சாராயம் ஊற்றி, எனக்காக அவர்களிடம் நீங்களாவது பேசுங்கள் என்று தன் முன்னோர்களைக் கேட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு வேலியோரப் பெரணியைக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்காமல் அவள் கிள்ளுவதில்லை. புல்லுக்கும் சம்மதம் கேட்பவள் என்று ஊரில் பெயராகிவிட்டது. “என் ஆடு இவகிட்டப் பாடம் படிக்கணும்” என்பாள் பாக்கோலி.

மழைக்காலம் வந்தது. பாதை அறுந்தது. லாந்துவுக்கு நாள் நெருங்கியது, கடந்தும் போனது. அவள் போனும் எடுக்கவில்லை. சஹோலி கூழடித்தாள், தாள் காயப்போட்டாள், சோறு இறங்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ஈரக் கூழில் இலை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. கையெல்லாம் கூழ். பாக்கோலிதான் எடுத்து அழுத்தினாள். லாந்து அனுப்பிய குரல் செய்தி.

“அக்கா, போன் தண்ணில விழுந்துருச்சு, இது ஹெரியோடது. மாமியார் ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. அந்த விளக்குக் கூட்டுப் பூவ நீ எங்க பறிச்ச? உண்மையச் சொல்லணுமாம்.”

அவ்வளவுதான் வந்தது. பாக்கோலி சஹோலியின் முகத்தைப் பார்த்தாள். சஹோலியின் கையிலிருந்த இலை கூழில் கோணலாக விழுந்தது, அவள் அதை எடுக்கவில்லை. இரண்டாவது செய்தி இறங்குவதற்குள் பாதித் தாள் இறுகிவிட்டது. பாக்கோலி அழுத்தினாள்.

“பாதில அனுப்பிட்டேன் அக்கா. பொண்ணு பொறந்திருக்கா, நல்லா இருக்கா, நானும் நல்லா இருக்கேன். நேத்து ராத்திரிதான் மொதல் தடவையா கூட்டுத் துணியப் பிரிச்சு, தொட்டில் பக்கத்துல விளக்க வெச்சோம். அந்தச் சிவப்புக் கண்ணப் பாத்ததும் மாமியார் அழுதுட்டாங்க. பிளந்த பாறைக்குப் பின்னாடியான்னு அவங்களே கேக்குறாங்க. அது அவங்க அம்மா வழி ஆளுங்க கல்லறையாம். ஊர விட்டுக் கிளம்புறப்போ அவங்க அம்மா நட்டுட்டு வந்த பூவாம். பேத்தியப் பாக்கப் பெரியவங்களே விளக்கேறி வந்துட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறாங்க. புதர வெட்டிச் சுத்தம் பண்ணிட்டு, இன்னொரு கூட்டுக்கும் பறிச்சுக்கச் சொன்னாங்க. யார்கிட்டயும் கேக்க வேண்டாமாம்.”