ஃபிக்ரியாவுக்கு முப்பத்தெட்டுப் பெயர்

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி ஃபிக்ரியாவின் கைபேசி எண் ஷுப்ரா பேட்டையில் பாதிப் பெண்களிடம் இருக்கிறது. அவள் பெயரில் வைத்திருப்பவள் ஒருத்தியும் இல்லை.

காரணம் அவள் தொழில். சர்க்கரையில் எலுமிச்சை பிழிந்து பாகு காய்ச்சி, கெட்டியாகத் திரட்டி, வீடு வீடாகப் போய்ப் பெண்களின் கைகால் முடியை இழுத்தெடுப்பாள். கணவன்மார் மினுமினுப்பை ரசிக்கலாம், அது எப்படி வந்தது என்று தெரியக் கூடாது. அது எங்கள் ஊர் நியாயம். அதனால் அவள் எண் ஒருத்தியிடம் 'பல் டாக்டர்', இன்னொருத்தியிடம் 'லாரி ஷஹாத்தா'. என்னிடம் 'கணக்கு டியூஷன்'. அந்த மணி அடித்தாலே என் மகன் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான்.

கணவன் இறந்த பதினோரு வருஷமாக இந்தப் பாகை வைத்தே மகள் ரீஹாமை மருந்துப் படிப்பு படிக்கவைத்தாள் ஃபிக்ரியா. யார் வீட்டுக் கதையும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. நானும் சும்மா இருப்பவள் இல்லை, கிண்டிக் கிண்டிக் கேட்டிருக்கிறேன். "உன் கதையையும் இப்படித்தான்டி வச்சிருக்கேன். பேசாம காலை நீட்டு" என்பாள்.

ரீஹாமோடு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஷாதி அவளைப் பெண் கேட்டான். பாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய ஒரு வெள்ளிக்கிழமை மாலை தாய் தந்தையோடு வந்தான். அக்கம்பக்கத்தார் என்று நானும் என் கணவரும் போயிருந்தோம். கதவைத் திறந்த ஃபிக்ரியா அரைக் கணம் தயங்கினாள். பதற்றம் என்று நினைத்தேன்.

ஷாதியின் அப்பா ஹாஜ் தசூக்கி முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரையும் டிக்கெட் எடுக்காதவர்களாகத்தான் பார்ப்பார். உட்கார்ந்ததும் தேநீரைத் தள்ளிவைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். எந்த எண்ணைப் போட்டாலும், ஊரார் அதை என்ன பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்று காட்டும் செயலி அதில் இருந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க தையல் வேலை பாக்குறதா பையன் சொன்னான். ஆனா உங்க நம்பருக்கு முப்பத்தெட்டு விதமான பேர் காட்டுது." கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். "லாரி ஷஹாத்தா. பல் டாக்டர். கேஸ் சிலிண்டர். 'இப்ப எடுக்காதே.' கணக்கு டியூஷன்."

"நம்ம பையனுக்குக்கூட ஒரு கணக்கு டியூஷன்…" என்று என் கணவர் ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன்.

"இதுல உங்க பேர் ஒண்ணுகூட இல்லையே. நீங்க யாரும்மா?" என்றார் ஹாஜ்.

ஃபிக்ரியா ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அன்றைக்கே ஷுப்ராவில் ஒவ்வொரு கணவனும் மனைவியின் கைபேசியைக் குடைவான். சமையலறைத் திரைக்குப் பின்னால் ரீஹாம் சிவப்புச் சர்பத் தட்டோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்தினேன். சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"அதையெல்லாம் பேர் வச்சவங்ககிட்டதான் கேக்கணும், ஹாஜ். நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நாங்க கிளம்புறோம்."

"அப்பா, நம்பரை நான் தப்பாக் குடுத்திருப்பேன்" என்று ஷாதி கெஞ்சினான்.

"சரி, அதையும் பாத்துடலாம்."

அவர் கைபேசியில் பேசப் பணம் இல்லை. மனைவியின் மடியில் கிடந்த கைபேசியை எடுத்தார். "அதுல சார்ஜ் இல்லைங்க" என்று ஷாதியின் அம்மா உம்மு ஷாதி பாய்வதற்குள் எண்ணை அழுத்திவிட்டார்.

ஃபிக்ரியாவின் பையில் மணி அடித்தது. ஹாஜ் திரையைப் பார்த்து உரக்கப் படித்தார்: "அடைப்பு எடுக்கும் மஹ்ரூஸ்."

திரையை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார்.

"இவன் நம்ம வீட்டுப் பிளம்பராச்சே. குளியலறை அடைச்சுக்கிச்சுன்னு ஆறு வருஷமா மாசாமாசம் வர்றானே" என்றார். மனைவியைப் பார்த்தார், ஃபிக்ரியாவைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"அடைப்பும் இல்ல, மஹ்ரூஸும் இல்ல" என்றாள் உம்மு ஷாதி. "இவதான் எனக்குச் சர்க்கரைப் பாகு போட வர்றா. கதவைத் திறந்ததுமே என்னைத் தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. 'உங்க பொண்டாட்டியையே கேளுங்க'ன்னு சொல்லியிருந்தா போதும், உங்க வாய் அடைஞ்சிருக்கும். பொண்ணு கல்யாணமே நின்னாலும் பரவாயில்லன்னு என்னைக் காப்பாத்திட்டு உக்காந்திருந்தா. நான் வெக்கங்கெட்டவ, பேசாம பாத்துட்டு இருந்தேன். இந்த வீட்டுப் பொண்ணை விட்டுட்டு வேற எங்க போய்த் தேடுவீங்க?"

நான் குலவையிட்டேன். யார் கேட்டார்கள் என்னை, தானாக வந்துவிட்டது. ரீஹாம் ஓடிவந்ததில் பாதிச் சர்பத் தட்டிலேயே கொட்டியது. ஃபிக்ரியா அழுதுகொண்டே சிரித்தாள். என் கணவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன்.

பாத்திஹா ஓதி முடிந்ததும் ஹாஜ் அந்த எண்ணைத் தன் கைபேசியிலும் சேமித்தார். எட்டிப் பார்த்தேன். 'சம்பந்தி வீடு' என்று போட்டிருந்தார். முப்பத்தொன்பது ஆயிற்று.

படியிறங்கும்போது மனைவியிடம் அவர் தணிந்த குரலில் சொன்னது மூன்றாம் மாடிவரை கேட்டது.

"வியாழக்கிழமை மஹ்ரூஸை வரச் சொல்லு. அடைப்பு ரொம்ப இருக்கு."