நாக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்த கோதுமை மருந்து: தாராவியிலிருந்து நிபாட் வரை

முதலில் எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பயணப் பக்கத்தில் நான் எதையும் எழுதியதில்லை. என் மூத்த மகனுடைய மகன் அருண் செம்பூரில் சொந்தமாகப் பல் கிளினிக் திறந்துவிட்டான். அவன் தம்பி ரயில்வேயில் இன்ஜினியர். தங்கச்சிக்காரி சி.ஏ. பரீட்சையை முதல் தடவையிலேயே முடித்தாள். அருண் மகள், என் கொள்ளுப்பேத்தி, பள்ளிக்கூடத்தில் மராத்திப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, அதுவும் மராத்திப் பிள்ளைகளை எல்லாம் தாண்டி. என் மகள் வயிற்றுப் பேத்தி மலர் பயிர் நோய்களைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்துத் தங்க மெடல் வாங்கினாள். அவளுக்கு நாசிக் பக்கம், கோதுமைக்காரர்களுக்கு எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்.

மலருக்கு அந்த வேலை என்று கேட்ட அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. கோதுமை மருந்தோடு அதே நாசிக் பக்கம் நானும் ஒரு காலத்தில் போயிருக்கிறேன். அந்தப் பயணத்தை இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேரு இறந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. தீபாவளி கழிந்த மறு வாரம். நாங்கள் தாராவியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து தோல் ஷாப்பில் பதம் பார்க்கிறவர். தோல் ஊறுகிற தொட்டியில் ஆவாரம்பட்டைத் தண்ணீர் எவ்வளவு காரமாக இருக்கிறது என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்வார். ஒரு நாளைக்கு முப்பது தொட்டி. மேஸ்திரி, முதலாளி எல்லோரும் அந்த நாக்கைத்தான் நம்பினார்கள். எங்கள் நாலு பேர் சோறும் அந்த நாக்கில்தான் இருந்தது.

அவருடைய அண்ணன், எனக்குப் பெரியத்தான், நாசிக் தாண்டி நிபாட் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அங்கேயே நாலு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துக் கோதுமை போட்டிருந்தார். முந்தின வருஷம் பத்துக் கதிருக்கு ஒரு கதிர் கரியாகப் போய்விட்டது. மணி இருக்க வேண்டிய இடத்தில் அடுப்புக்கரி மாதிரிப் பொடி. அப்படி ஒரு கதிரைக் காகிதத்தில் மடித்து அனுப்பி, “பம்பாயில் நல்ல மருந்தாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வா, உன் நாக்கு பொய் சொல்லாது” என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தாராவியிலிருந்து மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷம் நடந்தோம். அங்கிருந்து மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு ஆளுக்கு இருபது பைசா டிக்கெட். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு குஜராத்தி சேட்டின் மருந்துக்கடை. சேட் கதிரை வாங்கிப் பார்த்தார். “இலையில் வருகிற நோயா, விதையில் வருகிற நோயா?” என்று ஹிந்தியில் கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? அவருக்கும் தெரியவில்லை. மஞ்சள் கந்தகப் பொடி ஒன்று, சாம்பல் நிறத்தில் பாதரசப் பொடி ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்தார். சாம்பல் டப்பாவில் மண்டை ஓடு போட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் கந்தகத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். “மண்ணு மாதிரி கெடக்கு” என்றார். பிறகு சாம்பல் பொடியைத் தொட்டு வைத்தார்.

சேட் எழுந்தே விட்டார். “அரே பாகல்! ஜஹர் ஹை!”

“விஷம்னு எனக்கும் தெரியும் சேட். விஷத்துல எது நல்ல விஷம்னு பாக்க வேண்டாமா?” என்று சிரித்துக்கொண்டே துப்பினார். என்னைப் பார்த்து, “இது நாக்கைப் பிடிக்கி, ஏட்டி. பட்டைத் தண்ணி பிடிக்கற மாதிரியே பிடிக்கி. இதுதான் வேலை செய்யும்.”

இரண்டு டப்பா வாங்கினோம், டப்பா மூன்றரை ரூபாய். உள்ளே மடித்து வைத்த தாளில் ஏழெட்டு பாஷை. ஒரு ஓரத்தில் தமிழும் இருந்தது. அந்தத் தாளை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் தாதரில் காலை ஆறு ஐம்பதுக்கு பாசஞ்சர் வண்டி. நிபாட் ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு ஆளுக்கு ஐந்து ரூபாய் தொண்ணூறு பைசா. மூத்தவனுக்கு நாலு வயது, மடியில் மகள் ஆறு மாசம். கசாராவில் மலை ஏற்றத்துக்கு இன்னொரு இன்ஜின் சேர்த்தார்கள். இகத்புரியில் கரண்டு இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரி இன்ஜின் மாட்டினார்கள், முக்கால் மணி நேரம். அங்கே இறங்கி முகம் கழுவி வடை வாங்கலாம், அவசரமே இல்லை. அதற்கப்புறம் ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள் என்று எழுதலாம், ஆனால் கரி இன்ஜின் போய் எவ்வளவோ காலமாயிற்று.

இகத்புரி தாண்டித்தான் தாளைப் பிரித்துப் படித்தேன். எழுத்துக் கூட்டி மூன்று தடவை. கையுறை போட வேண்டும். மூக்கில் துணி கட்ட வேண்டும். வாயில் படக்கூடாது. காற்றோட்டமான இடத்தில், டிரம்மில் போட்டு உருட்டிக் கலக்க வேண்டும். மருந்து போட்ட விதையை மனுஷரோ மாடோ தின்னக்கூடாது, கழுவினாலும் விஷம் போகாது. அவர் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு நிபாட். ஊருக்குள் ஏழு கிலோமீட்டர், டாங்கா ஒன்றரை ரூபாய். டாங்காக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டு மதராஸியா என்றார். ஆமாம், கோதுமைக்கு மருந்து கொண்டுபோகிறோம் என்றோம். “கோதுமை இலையில் வருகிற துரு நோய் உங்கள் பக்கத்து மலையிலிருந்துதான் காற்றில் வருகிறதாம், கிராம சேவக் சொன்னார். ஆளும் அங்கிருந்தே வருகிறான், நோயும் அங்கிருந்தே வருகிறது” என்று சொல்லிக் குதிரையைத் தட்டினார். பம்பாய்ச் சுவர்களில் அப்போது எங்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்த காலம். என் வீட்டுக்காரர் விடவில்லை. “நோயும் நாங்கதான், மருந்தும் நாங்கதான் பாய். வண்டியை ஓட்டு” என்றார்.

திங்கட்கிழமை காலையில் விதைக்கு மருந்து கலந்தார்கள். நூற்று அறுபது கிலோ. வெளியே காற்று அடித்ததால், பொடி பறந்து வீணாகும் என்று பெரியத்தான் அறைக்குள் சாக்கை விரித்துக் கதவைச் சாத்தச் சொன்னார். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு, மாவு பிசைகிற மாதிரி முழங்கை வரைக்கும் விட்டுக் கலந்தார். குவியலுக்குக் குவியல் ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்து, பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் துப்பினார். பிடிக்காத குவியலுக்கு இன்னும் கொஞ்சம் பொடி.

நான் கதவைத் திறந்து தாளை நீட்டினேன். “இங்கேருங்க, கையுறை போடணும்னு போட்டிருக்கு. வாயில படக்கூடாதாம்.”

பெரியத்தான் சிரித்தார். “ஏலே முத்து, உம் பொண்டாட்டி பாடம் எடுக்கா. சிலேட்டை எடுத்துக்கிட்டு முன்னால உக்காரு.”

“சுண்ணாம்புக் குழியில இறங்கின கை இது” என்றார் அவர். “எரியவே இல்லைட்டி. எரியாததுக்கு எதுக்கு உறை? தாராவியில தெரிஞ்சா பொம்பளைன்னு வளையல் வாங்கித் தருவான்.”

பெரியத்தான் மறுபடியும் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மூத்தவர் முன்னால் புருஷனோடு வாதாடினவள் என்று பெயர் வாங்க மனசில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாளும் அதே வேலை. விதைத்தது போகப் பத்துக் கிலோ மிஞ்சியது. பெரியத்தான் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவப்போனாள். ரேஷனில் கோதுமைக்கு வரிசை நின்ற காலம் அது. “மூணு தண்ணி விட்டா சரியாப் போயிரும், பிள்ளைகளுக்கு ரெண்டு நாளைக்கு ரொட்டி ஆச்சு” என்றாள். நான் தொட்டியைப் பிடுங்கினேன். அவள் கையைத் தட்டிவிட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். ஐந்து பிள்ளைகள் அந்த வீட்டில். பத்துக் கிலோவையும் இடுப்பளவுக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் வந்தேன். ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் அக்கா என்னோடு பேசவில்லை.

அந்தத் தானியத்துக்குப் போட்ட சண்டையை அவருக்காக நான் போடவில்லை.

மார்கழி பிறந்ததும் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். மாட்டுங்காவில் மெஸ் சாம்பாரையும் அப்படியே சொன்னார். வாயெல்லாம் செம்புக் காசை மென்ற மாதிரி இருக்கிறது என்றார். தோல் ஷாப்பில் இரண்டு தொட்டியின் பதம் தப்பிப்போய்த் தோல் வீணானது. மேஸ்திரி நல்ல மனுஷன், ஒரு மாசம் பொறுத்தார். தை மாசம் விரல் நுனி மரத்தது. சட்டைப் பித்தானை என்னைப் போடச் சொன்னார். பிறகு நடக்கும்போது நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். “நேரா இருக்கறது தெரியுது, பக்கத்துல இருக்கறது தெரியல. குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்கு” என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை, எதைத் தொட்டார் என்று கேட்டார். நான் அந்தத் தாளைக் கொடுத்தேன். அதை வாங்கிப் படித்தார். முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போன நரம்பு திரும்பாது அம்மா என்றார்.

மாசியில் மறுபடியும் நிபாட் போனோம், அதே வண்டி, அதே டிக்கெட். அவர்தான் பிடிவாதம் பிடித்தார். நாக்கு போனால் போகிறது, அது தேர்ந்தெடுத்த மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். வயலில் கதிர் விட்டிருந்தது. கையைப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டு போனேன். ஒரு கதிரைப் பிடித்து உருவினார். விரலில் அப்பியது அவருக்குத் தெரியவில்லை.

“கரியா?” என்று கேட்டார்.

“கரிதான்.”

“எத்தனை?”

எண்ணினேன். குறைத்துச் சொல்ல வாய் வந்தது. “பத்துக்கு ஒண்ணு” என்றேன். போன வருஷக் கணக்கேதான். அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியத்தான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, தூரமாக நின்றார்.

கிராம சேவக், ஊர்க்காரர்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கிற சர்க்கார் ஆள், சைக்கிளில் வந்தார். சின்ன வயசு. கதிரைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். இந்தக் கரிப்பூட்டை விதையின் மேல் தோலில் இல்லை, உள்ளே முளையில் தூங்குகிறது. நீங்கள் போட்ட பொடி மேல் தோலில் இருப்பதைத்தான் கொல்லும், உள்ளே போகாது. மே மாச வெயிலில், காலையில் நாலு மணி நேரம் விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உச்சி வெயிலில் பரப்பி நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்திருந்தாலே பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்கு மருந்தே வேண்டாம். “விதைக்கிறதுக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அவர் ஆபீஸ் அந்த வயலிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் இருந்தார். சோறு ஊட்டினால் சாப்பிடுவார், என்ன கறி என்று என்னிடம் கேட்டுக்கொள்வார். நான் செம்பூரில் நாலு வீட்டில் சமையல் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். முதலில் வரிசையாகச் சொன்னேனே, எல்லாம் அந்தச் சமையலில் வந்ததுதான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நிபாட்டுக்கு இப்போது காலை வண்டியில் போனால் மத்தியானத்துக்குள் இறங்கிவிடலாம், நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமை வயல் பார்க்க மாசி நல்ல மாசம். விவசாயம் செய்கிறவர்களாக இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். துரு வேறு, கரி வேறு. துருவுக்கு அது தாக்காத ரக விதை முதலில், அதற்கும் மீறி இலையில் புள்ளி கண்டால் உடனே தெளிப்பு. கரிப்பூட்டைக்கு விதைக்கு உள்ளே போகிற மருந்து இப்போது வந்துவிட்டது, கார்பாக்சின், டெபுகோனசோல் என்று மலர் சொல்கிறாள். பாதரசப் பொடி ஒழிந்தது. கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். டப்பாவில் உங்கள் பயிர் பெயரும் உங்கள் நோய் பெயரும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எரிகிறதா, நாறுகிறதா என்று விஷத்தைச் சோதிக்காதீர்கள். மிஞ்சின விதையை மாட்டுக்கும் போடாதீர்கள்.

மலர், இனி உனக்கு. போன வாரம் நீ ஒரு படம் போட்டிருந்தாய். மருந்து கலந்த விதை வாளிக்குள் வெறுங்கையை விட்டுக்கொண்டு சிரிக்கிறாய், முகத்துணி கழுத்தில் தொங்குகிறது. பக்கத்தில் உன் ஆபீசரும் ஊர்ப் பெரியவர்களும் சிரிக்கிறார்கள். ஆச்சி போனில் சொன்னால் போதாதா, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதி மானத்தை வாங்குகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவை கதவைச் சாத்திவிட்டு வந்தேன், இந்தத் தடவை சாத்தமாட்டேன். அந்தப் படத்தை எடுத்துவிடு. முழங்கை வரைக்கும் உறை மாட்டி, மூக்கு வாய் மூடி, அவர்களையும் மாட்டவைத்து, புதுப் படம் ஒன்று போடு. முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கு உன் கையைப் பார்த்தால் போதும். இன்றைக்கே போடு.