பாவா பேரில் ஓர் அர்ச்சனை

மூன்று வாரம் நான் முருகனிடம் ஒரே ஒரு வரம்தான் கேட்டேன். என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு வலது கை ஒடிய வேண்டும். அதுவும் முழங்கையில் ஒடிய வேண்டும். அடியார்களே, முகத்தைச் சுளிக்காதீர்கள். கேட்டதை மறைத்துவிட்டுக் கிடைத்ததை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

நான் காஞ்சிபுரத்துப் பெண். பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். கணவரின் அண்ணனை இந்தப் பக்கத்தில் பாவா என்பார்கள். வாயால் நானும் பாவா என்றுதான் கூப்பிட்டேன். அந்த மூன்று வாரம் மனசுக்குள் அவன், இவன்தான்.

யுத்த காலம் அது. தறிக்குழியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து என் வீட்டுக்காரருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். திருத்தணி வைத்தியர், தினமும் ஒரு பொழுதாவது குழியை விட்டு வெளியே வந்து சைக்கிள் மிதிக்கச் சொன்னார். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த என் தம்பி தன் பழைய சைக்கிளைக் கொடுத்தான். ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. சாயங்காலம் ஆனால் மகள் சரசு முன்கம்பியில், நான் பின்னால் கேரியரில், அவர் மிதிக்க, ஏரிக்கரை வரை போய்வருவோம். சந்தைக்கும் அதுதான், கிருத்திகைக்கு இந்தத் திருத்தணி மலைக்கும் அதுதான். அந்தக் கரையிலேயே, புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாம் தடவை விழவில்லை.

பாவாவுக்கு அது பொறுக்கவில்லை. பெண்பிள்ளை சைக்கிள் மிதித்தால் இந்த வீட்டில் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள் என்று தெருவில் நின்று கேட்டார். அவர் ஒருநாளும் சைக்கிளில் ஏறியவர் இல்லை. நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

புரட்டாசிக் கிருத்திகை அன்று மூன்று பேரும் திருத்தணிக்குக் கிளம்பினோம். பாதை சமமாக இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓர் இறக்கத்தில் அவர் பிரேக்கைப் பிடித்தார். பிடிக்கவில்லை. எதிரே கரும்பு வண்டி. சைக்கிளை ஓரத்துக்கு ஒடித்தார், எல்லோரும் பள்ளத்தில் கிடந்தோம். எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குத் தோள் எலும்பு. என் சரசுவுக்கு வலது முழங்கை. அவளுக்கு அப்போது எட்டு வயசு.

எங்கள் ஊரில் கட்டியவரின் கட்டு சரியாக விழவில்லை. வீக்கம் குறைந்தது, கை மடங்கவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை அழுதாள். இப்படியே விட்டால் இந்தக் கை இனி மடங்காது, உடனே புத்தூருக்குக் கொண்டுபோய் எலும்பு கட்டுகிறவர்களிடம் காட்டு என்றார்கள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் ஓடவில்லை. ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். ஒடிந்த கையோடு குழந்தையை அந்த நெரிசலில் எப்படி ஏற்றுவேன்? எனக்கு உலகமே இருண்டுபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பாவா வீட்டுக்கு மோர் வாங்கப் போனேன். அவர் தறியின் கால் ஆடாமல் இருக்க அடியில் இரண்டு கறுப்பு ரப்பர் துண்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் சைக்கிள் பிரேக்கின் ரப்பர். ஒன்றில் அடையாளத்துக்காக நான் தடவியிருந்த சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. மோரை அங்கேயே கொட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அண்ணனைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சரி, கேட்கிற இடத்தில் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தேன். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவன் கையை நினைத்தேன். எங்கள் காஞ்சிபுரத்தில் சஷ்டி என்றால் சூரசம்ஹாரம். சூரன் தலை விழுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். திருத்தணிக்குக் கிருத்திகைக்குத்தான் போயிருக்கிறேன், சஷ்டிக்குப் போனதில்லை. வேல் எடுக்கிற நாளில் எதிரே போய் நின்று ஆளைக் காட்டிவிட வேண்டும் என்று ஆறாம் நாள் மலை ஏறினேன்.

அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சாமி ஆள் மாறி அடித்துவிடக் கூடாதே. துரைசாமி, சுவாதி நட்சத்திரம் என்று பாவாவின் பெயரை அழுத்தமாகச் சொன்னேன். குருக்கள் மந்திரம் சொல்லி முடித்தார். சம்ஹாரம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"இங்க சம்ஹாரம் கெடையாதும்மா. சண்டையெல்லாம் முடிச்சிட்டு, கோவம் ஆறி சாமி வந்து நின்ன மலை இது. இன்னிக்கு இங்க பூதான். தொரசாமிக்கு நீ நெனச்ச மாதிரியே நல்ல ஆயுசு இருக்கும். இந்தப் பிரசாதத்த அவர் கையில குடு."

கூடை கூடையாகப் பூவைச் சாமிமேல் கொட்டினார்கள். ஆறு நாள் பட்டினி கிடந்து, அவன் ஆயுசுக்கு நானே அர்ச்சனை செய்துவிட்டேன். அதற்கப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இந்த ஆறு நாளில் சரசுவின் கைக்காக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கை, அவன் கை என்றே கேட்டிருக்கிறேன். பெற்றவள் நான். படியில் உட்கார்ந்து அழுதேன். "முருகா, அவன் கையை நீ என்னமோ செய்துகொள், என் குழந்தைக்குக் கை கொடு" என்றேன்.

பிரசாதத்தைத் தூக்கி எறிய மனசு பரபரத்தது. சாமி பூ, எறிய முடியுமா? பாவா வீட்டு வாசலில் நின்று, உங்கள் பேரில் அர்ச்சனை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். முகத்தைப் பார்க்கவில்லை. தேம்பல் கேட்டது.

"நான் பண்ண பாவத்துக்கு நீ என் பேர்ல விரதம் இருந்தியாம்மா? ரப்பர நான்தான் கழட்டினேன். தறியில ஒரு கட்டய உருவுனா ஓடாம நின்னுடும் இல்ல? சைக்கிளும் அப்டியே நின்னுடும்னு நெனச்சேன். நிக்காம ஓடும்னு எனக்குத் தெரியாது."

உள்ளே போய் இரண்டு ரப்பரையும் உருவிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. வேண்டுமென்று செய்தான் என்றே மூன்று வாரம் நம்பியிருந்தேன். தெரியாமல் செய்தவன்மேல் எதை வைத்துப் பழி தீர்ப்பது? உடனே ஒரு யோசனை தோன்றியது. அது முருகன் கொடுத்ததுதான் என்று நம்புகிறேன். சரசுவைப் புத்தூருக்குச் சைக்கிளில் நான் கொண்டுபோகிறேன், குழந்தையை மடியில் வைத்துப் பிடிக்க ஆள் வேண்டும், நீங்கள் கேரியரில் உட்காருங்கள் என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் ஆறு நாள் பசியும் தீர்ந்தது. ஆனாலும் "ஆங், வரேன்மா" என்றார்.

ரப்பரைப் பிரேக்கில் திரும்ப மாட்டிக்கொண்டு விடியும்போது கிளம்பினோம். மேட்டில் அவர் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வேண்டுமென்றே சில மேடுகளில் நான் மெதுவாக மிதித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புத்தூரில் கையைப் பிரித்து, நிமிர்த்தி, புதிதாகக் கட்டினார்கள். சரசு கத்தியபோது என்னைவிட அதிகமாக அழுதவர் பாவா.

திரும்பும்போது ஊர் எல்லை வந்தது. தெருவுக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறேன் என்று கெஞ்சினார். நான் நிறுத்தவில்லை. நெசவுத்தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் நின்றது. ஆணும் பெண்ணும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மணியை அடித்துக்கொண்டே அவர் வீட்டு வாசல் வரை ஓட்டிக்கொண்டுபோய் இறக்கினேன். இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை கட்டைப் பிரித்தபோது சரசுவின் கை மடங்கியது. அங்கேயே ஒரு வாழைப்பழத்தைத் தானே உரித்துத் தின்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குவதில்லை. நானும் சரசுவும் மலைக்கு ஒரு வண்டியில் வருகிறோம். உங்கள் மனசில் யார்மேலாவது தீராத ஆத்திரம் இருந்தால் அதைத் துடைத்துவிட்டு வராதீர்கள். அப்படியே இந்த மலைக்கு எடுத்து வாருங்கள். பேரும் நட்சத்திரமும் தெளிவாகச் சொல்லுங்கள். மீதியை முருகன் பார்த்துக்கொள்வான்.

பாவாவும் இன்று இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தன் நன்மைக்காகத்தான் அந்த அர்ச்சனை என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தவர், உண்மையை இப்போதுதான் கேட்கிறார். பாவா, அதுதான் என் பாக்கிப் பழி. இன்றோடு தீர்ந்தது.