மூன்றரை மணிக்கு நாங்கள் மைதானத்தில் இருந்தோம்

போட்டிக் குழுவின் விதிப் புத்தகத்தில் பதினான்காம் விதி சொல்வது இது: மைதானம் மாற்றப்பட்டால் இரு அணிகளுக்கும் ஒரு நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ‘தெரிவிக்கலாம்’ அல்ல, ‘வேண்டும்’. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் பதினொரு பேரின் ஒரு வருட ஆட்டத்தைத் தொலைத்தேன்.

கல்லூரி அலுவலகத்தில் நான் சூப்பரின்டெண்ட். உடற்பயிற்சி ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனதும், கால்பந்து அணியின் மேனேஜர் பொறுப்பை, மறு உத்தரவு வரும்வரை, என் தலையில் கட்டினார்கள். மறு உத்தரவு வரவே இல்லை. ஸ்ரீவராகத்து வீட்டில் என் மனைவிக்குச் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. பேப்பரில் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“பந்தைக் கையால தொடப்படாதுன்னேள். இவன் மட்டும் கட்டிண்டு நிக்கறானே?”

“அவன் கோல்கீப்பர். விதியிலே இருக்கு.”

“விதின்னு ஒண்ணு இருந்தா உங்களுக்குச் சோறே வேண்டாம்.”

அந்தக் கோல்கீப்பர் பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பையன். தேயிலை பறிக்கும் தாய்க்கு ஒரே மகன். புள்ளியியல் தாளில் ஏற்கனவே ஒரு முறை தோற்றிருந்தான். இறுதி ஆட்டம் வரை போன அணிக்காரர்களுக்குப் பரீட்சையில் கிரேஸ் மார்க், அதாவது கருணை மதிப்பெண், உண்டு. அது கிடைத்தால் அவன் தேறுவான். கணக்கு அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, அந்த வருடம் அவனைத் தாண்டிப் பந்து போவது அரிதாக இருந்தது. அரையிறுதியில், ஐப்பசியின் துலாவர்ஷ மழையில், சேற்றில் விழுந்தபடியே இரண்டு பெனால்டிகளைத் தடுத்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, எதிரணி எத்தனை மாற்று ஆட்டக்காரர்களை இறக்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இறுதி ஆட்டத்தன்று, மூன்றரை மணி ஆட்டத்துக்கு மூன்று மணிக்கே மைதானம் போய்ச் சேர்ந்தோம். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ வரவேற்பாம். பாறசாலைக்காரனான எங்கள் கேப்டன் எங்கோ விசாரித்துவிட்டு ஓடி வந்தான்.

“சாரே, ஆட்டத்த வேற கிரவுண்டுக்கு மாத்திட்டானுவ. மத்த டீமுகாரனுவ அங்க போயாச்சு. இப்பம் ஆட்டோ புடிச்சா எத்திரலாம்.”

“லெட்டர் வந்ததா?”

“வாயால சொன்னதுதான் சாரே.”

“வாயால சொன்னது ஃபைலில் நிற்காது. நாம் இங்கேதான் இருப்போம்.”

பையன்கள் பைகளை இறக்கி வைத்துப் பூட்ஸ் கட்டத் தொடங்கினார்கள். கோல்கீப்பர் மட்டும் என்னையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

மூன்றரைக்கு அணியை வரிசையாக நிறுத்திப் பட்டியலில் கையெழுத்து வாங்கினேன். எதிரணி இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன். பந்தல்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினார்கள். நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று. அந்த ஒன்றை அடித்த பந்தல் மேஸ்திரியிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன்.

“ஒப்பு போட்டா கேஸு வருமோ சாரே?”

“வந்தால் என் பேரில்தான் வரும்.”

“அப்படியெங்கில் நான் கோல் அடிச்சதும் எழுதணும்.”

எழுதினேன். போட்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. இது மட்டும் எழுத்தில், முத்திரையோடு. இறுதி ஆட்டத்துக்கு வராத அணி என்பதால், அந்தப் பருவத்தில் நாங்கள் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ரத்து. ஆட்டமே இல்லாதவனுக்குக் கிரேஸ் மார்க் ஏது? வருடக் கடைசிப் பரீட்சையில், புள்ளியியலில் அவனுக்கு மறுபடி நான்கு மார்க் குறைந்தது.

அன்று ஆட்டோ பிடித்திருந்தால் தேறியிருப்பான். என் மேல்முறையீடு எதிலும் இந்த வாக்கியம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

அவன் வீட்டுக்கு வந்தான். திட்டுவான் என்று நினைத்துத் தயாராக இருந்தேன்.

“மார்க்கு போனாப் போகுது சார், திரும்ப எழுதிக்குவேன். நாங்க வரலன்னு எழுதிருக்கானுங்களே, அத அடிக்க வைங்க. வந்தோம்ல சார்?”

“வந்தோம்.”

அடுத்த வருடம் எழுதினான், தேறினான். யாருடைய கருணையும் இல்லாமல். நான் மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பட்டியலின் நகல், மேஸ்திரியின் சாட்சியம், அவர் அடித்த கோல், எல்லாம் இணைப்பில். இடையில் நான் ஓய்வு பெற்றேன். நினைவூட்டல் ஓய்வு பெறவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து நேரிலும் போய் நிற்பேன். குழு அலுவலகத்துக் கிளார்க் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

“சாரே, பென்ஷன் ஆயில்லே? இனி வீட்டுல இருந்தூடே?”

“பென்ஷன் எனக்குத்தான். புகாருக்கு இல்லை.”

கடைசியில், எட்டாவது வருடம், பதில் வந்தது. ஒரே பக்கம். ஆவணங்களைப் பரிசீலித்ததில், மேற்படி அணி குறித்த நேரத்தில், அறிவிக்கப்பட்ட மைதானத்தில் இருந்ததாகக் காணப்படுகிறது, ரத்து நீக்கப்படுகிறது, கிரேஸ் மார்க் கோரும் காலம் கடந்துவிட்டது. கடைசி வரியைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதை யார் கேட்டார்கள்?

‘வந்திருந்தோம்’ என்று மேலே எழுதி ஒரு நகலைப் பொன்முடிக்கு, கோல்கீப்பர் பேருக்கு, பதிவுத் தபாலில் அனுப்ப எடுத்து வைத்தேன். பிறகு, முப்பது வருடப் பழக்கம், அசல் கடிதத்தின் மூலையில் கிடைத்த தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டேன்: 17.6.2003.